திருவிருந்து மேசையும் மனச்சாட்சியும்

தம் விசுவாசத்துக்கு உண்மையாயிருத்தலும் அயலாரை அரவணைத்தலும் ஒன்றோடொன்று முரணுமிடத்து எது முதன்மை பெறல் வேண்டும்? லூதரன் திருச்சபையின் வரலாற்றில் இவ்வினா திருவிருந்து மேசையிலேயே கூர்மையாக எழுந்தது.

1529 இல் மார்பேர்க் நகரில் லூதரும் சுவிங்கிலியும் கூடி வாதித்தனர். 15 கூற்றுக்களுள் 14 இல் இணக்கம் காணப்பட்டது. அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் மெய்யாகவே உளவா என்பதிலேயே பிளவு நேர்ந்தது. கிறிஸ்துவின் சொற்களை லூதர் மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து வாதிட்டார் என்பர். அவருக்கு அச்சொற்கள் உவமையல்ல. அவ்வாறாயின், அவற்றை உவமையெனக் கொள்பவரோடு ஒரே மேசையை அணுகுதல் பொய்ச்சாட்சி பகர்தலாகும் என்பது தருக்கவழிப் பெறப்படும் முடிவே. இதனை வெறும் பிடிவாதமென ஒதுக்குதல் எளிது, நியாயமன்று.

மறுதரப்பின் வலியும் நோக்கற்பாலது. பிரசிய மன்னன் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் கல்வினிய மரபினன். அரசி லூயிசா லூதரன் மரபினள். கணவனும் மனைவியும் ஒருங்கே திருவிருந்திற் பங்குகொள்ள இயலவில்லை. அரசி 1810 இல் மறைந்தாள். 1817 இல், சீர்திருத்தத்தின் 300 ஆம் ஆண்டு நிறைவிலே, மன்னன் இரு சபைகளையும் இணைக்க முற்பட்டான். நோக்கம் நன்றே. ஆனால் புதிய வழிபாட்டு முறையை ஏற்க மறுத்த போதகர்கள் சிறையிடப்பட்டனர். 1834 இல் சிலேசியாவின் ஹோனிகேர்ண் கிராமத்துத் தேவாலயத்தைப் படைவீரர் வந்து திறந்தனர். 1838 இல் மறுப்பாளர் பலர் தென் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அன்பின் பெயரால் விரிக்கப்பட்ட மேசைக்குத் துப்பாக்கி காவல் நின்றது எனலாம்.

ஆயின், விலக்கும் உரிமைக்கு எல்லை யாது? இவ்விடத்துத் தரங்கம்பாடியை நினைத்தல் வேண்டும். 1706 இல் சீகன்பால்கு அங்கு வந்திறங்கியதோடு தொடங்கிய லூதரன் மரபிலே, கொள்கையில் யாதொரு வேறுபாடும் இல்லாத விசுவாசிகள் சாதியால் வேறுவேறாக அமர்ந்தனர். கிண்ணத்தை அணுகுவதிலும் அவ்வரிசை பேணப்பட்டது. சாதியைத் திருச்சபையினின்று நீக்கல் வேண்டுமென 1850 இல் சென்னையில் ஏனைய மிஷன்கள் தீர்மானித்தபோது, லீப்சிக் லூதரன் மிஷன் உடன்படவில்லை. சுவிங்கிலியோடு பந்தியிருக்க மறுத்த மரபு இங்கு இதனை மறுக்காதது வியப்பே. கொள்கையால் விலக்கப்பட்டவன் கருத்து மாறின் நாளை வந்து சேரலாம். பிறப்பால் ஒதுக்கப்பட்டவனுக்கு அவ்வழியும் இல்லை. முன்னையதை மனச்சாட்சியின் பெயரால் நியாயப்படுத்த முயலலாம். பின்னையதற்கு அப்பெயர் பொருந்தாது.

1973 இல் லொயென்பேர்க்கில் ஐரோப்பிய லூதரன், சீர்திருத்த சபைகள் படையின்றி, உரையாடலாலேயே தத்தம் மேசைகளை ஒருவர்க்கொருவர் திறந்தன. அமெரிக்காவின் மிசூரி சினட் இன்றும் அதற்கு இணங்கவில்லை; அங்கு அறிமுகமற்ற விருந்தினர் முதலிற் போதகரோடு பேசுதல் வேண்டும் என்பதே பொதுவழக்கு. அவ்வுரையாடல் விசாரணையாகாது உரையாடலாகவே நிகழுமாயின், அதில் அவமதிப்பு ஏதுமில்லை.