பச்சை இரத்தமும் பொய் வயதும்



சுட்டு விளையாடும் வீடியோ விளையாட்டில் சிந்தும் இரத்தத்தைச் சிவப்புக்குப் பதிலாகப் பச்சையாகக் காட்டிவிட்டால், அது பிள்ளைகளுக்கு ஏற்றதாகிவிடுமா? இது வேடிக்கைக் கேள்வியன்று. 2020 செப்டம்பரில் இந்திய சர்க்கார் பப்ஜி விளையாட்டைத் தடை செய்தபோது, பிள்ளைகளுக்காகவே செய்தார்கள் என்று அநேகர் மகிழ்ந்தார்கள். உத்தரவில் கண்ட காரணமோ தேசத்தின் பாதுகாப்பு. 2021 ஜூலையில் அது வேறு பெயர் பூண்டு திரும்பி வந்தது. அப்போது இரத்தம் பச்சையாயிருந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் நாளொன்றுக்கு 3 மணி நேரமே ஆடலாம், பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்ற விதிகளும் கூட வந்தன.

இந்த வித்தையில் நமக்கு மூத்தவர்கள் ஜெர்மானியர். 1998-ல் வெளியான 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின் ஜெர்மன் பதிப்பில் மனிதச் சிப்பாய்களை இயந்திரங்களாக மாற்றினார்கள். நாஜிகளை எதிர்த்துப் போராடுவதாக அமைந்த 'வொல்ஃபென்ஸ்டைன்' விளையாட்டின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்வஸ்திகச் சின்னங்களை அகற்றியதோடு, ஹிட்லரின் மீசையையும் எடுத்துவிட்டார்கள்! மீசை போனால் கொடுமை போய்விடுமா? அங்கேயே பலர் இதைக் கேட்டார்கள். 2018 ஆகஸ்டு முதல், விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் நிலையம், சின்னம் இருக்கிறதா என்று மட்டும் பாராமல், அது எதற்காகக் காட்டப்படுகிறது என்றும் பார்க்கத் தொடங்கிற்று. இது நியாயமான மாற்றம் என்பதே என் அபிப்பிராயம். தீமையைத் தீமையென்று காட்டுவது வேறு, அதைக் கொண்டாடுவது வேறு.

நம் சிறுவர் கள்ளன் போலீஸ் ஆடுகையில் சுடப்பட்டவன் விழுவான், மறு நிமிஷம் எழுந்து சண்டைக்கு வருவான். அதை எவரும் ஐந்தாம் கற்பனைக்கு விரோதம் என்று சொல்லவில்லை. ஆகவே திரையில் சுடுகிறவனெல்லாம் கொலைபாதகனாவான் என்று பயமுறுத்த நான் வரவில்லை. விழுந்தவன் எழாத விளையாட்டில், வீழ்த்திய கணக்கே பெருமையாகும் விளையாட்டில், பிள்ளை எதைக் கண்டு சந்தோஷப்படப் பழகுகிறான் என்பதே கேள்வி. இரத்தம் எந்த நிறமானாலும் இந்தக் கேள்வி மாறாது.

ஆனால் ஐந்தாம் கற்பனையைப் பற்றிக் கவலைப்படும் நாம், எட்டாம் கற்பனையை மறந்துவிடுகிறோம். ஜெர்மனியில் 12, 16, 18 என்று வயது அச்சிட்டிருப்பதால், கடைக்காரர் பையனின் முகத்தைப் பார்க்கலாம். கைப்பேசிக்கு முகம் தெரியாது. பிறந்த வருஷத்தைக் கேட்கும், சொன்னதை நம்பும். மாரமங்கலத்தில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தாய் தகப்பன் விடியலிலேயே தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். வீட்டிலிருக்கும் கைப்பேசி பிள்ளையின் கையில். அவன் முதலில் செய்வது சுடுவதல்ல, ஒரு பொய்யான பிறந்த வருஷத்தை எழுதுவது. பல வீடுகளில், 'அழாமலிருந்தால் போதும்' என்று பெரியவர்களே அந்த வருஷத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெற்றோரின் சம்மதம் கேட்டு வரும் எண்ணையும் வாசித்துக் காட்டுகிறார்கள். டில்லியின் உத்தரவும், பெர்லினின் முத்திரையும் இந்த இடத்துக்கு வந்து சேர்வதேயில்லை.

இன்றிரவு அந்தக் கைப்பேசியைச் சற்று வாங்கிப் பாருங்கள். உங்கள் பத்து வயது மகன் அதில் எந்த வருஷத்தில் பிறந்திருக்கிறான்? அந்த வருஷத்தை எழுதியது யார்?