புகை யாருடையது?

ஒரு செயலின் பலனை நுகர்பவன் அச்செயலால் விளையும் தீங்கிற்கும் உரியவனாவானா என்னும் வினா மிகப் பழையது. கொன்றவனுக்கும் தின்றவனுக்குமிடையே பழியைப் பங்கிட்டுப் பார்த்த விவாதங்கள் நமது இலக்கியத்திலும் உண்டு. ஆனால் அவ்விவாதங்கள் எழுந்த காலத்தில் கொன்றவனும் தின்றவனும் ஒரே ஊரில் வாழ்ந்தனர். இன்று ஓர் உலோகம் ஒரு கண்டத்தில் தோண்டப்பட்டு, மற்றொன்றில் உருக்கப்பட்டு, மூன்றாவதில் பாத்திரமாகின்றது. பழியைப் பங்கிடுவது எங்ஙனம்? இவ்வினாவை வெறும் சித்தாந்தமாக ஆராய்வதைவிட ஓர் ஊரின் வரலாற்றை முன்வைத்து ஆராய்தல் பயனுடையது என எண்ணுகிறேன்.

அவ்வூர் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லைன்மத். 1960களின் பிற்பகுதியில் ஹரோல்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு, அலுமினியத்தை இறக்குமதி செய்வதற்குப் பதிலாக நாட்டிலேயே உருக்குவதெனத் தீர்மானித்து, மூன்று உருக்காலைகளுக்கு ஊக்கமளித்தது. ஸ்கொத்லாந்தின் இன்வர்கோடனும் வேல்சின் ஹோலிஹெட்டும் அணு மின்வலுவை நம்பி எழுந்தன. லைன்மத் மட்டும் நிலக்கரியை நம்பியது. அல்கான் நிறுவனம் அங்கே தன் உருக்காலைக்கெனவே 420 மெகாவாற் வலுவுள்ள மின்னிலையமொன்றைக் கட்டியது. 1972 இல் அது இயங்கத் தொடங்கியது. அருகிலிருந்த எலிங்டன் சுரங்கத்தின் நிலக்கரி அதற்கு ஊட்டமாயிற்று. கடல் கடந்து வந்த அலுமினா அண்மையிலுள்ள பிளைத் துறைமுகத்தில் இறங்கியது.

உருக்காலைக்கெனத் தனியே ஒரு மின்னிலையம் வேண்டப்படுவது ஏன்? அலுமினியம் தன்னைப் பற்றிய ஒட்சிசனை எளிதில் விடுவதில்லை. இரும்பைப் போல் உலையிலிட்டுக் கரியால் அதனைப் பிரித்தெடுத்தல் இயலாது. 1886 இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டறிந்த முறையே இன்றும் கையாளப்படுகின்றது. ஏறத்தாழ 960 பாகை வெப்பத்தில் உருகிய கிரியோலைற்றில் அலுமினாவைக் கரைத்து, அதனூடே பெருமின்னோட்டத்தைச் செலுத்துவர். கலத்தின் அடியில் உலோகம் தேங்கும். மேலேயுள்ள காபன் மின்வாய் ஒட்சிசனோடு கூடி எரிந்து தேயும். ஒரு தொன் உலோகத்திற்கு 13,000 முதல் 15,000 கிலோவாற் மணித்தியால மின்சாரம் செலவாகும். மின்சாரம் நான்கைந்து மணித்தியாலம் தடைப்பட்டால் கலங்களிலுள்ளவை உறைந்து ஆலையே பாழாகிவிடும். ஆதலின் இரவும் பகலும், பண்டிகை நாளிலும் வேலைநிறுத்த நாளிலும், அம்மின்னிலையம் ஓய்தல் ஆகாது. நிலக்கரியால் பெற்ற மின்சாரமாயின், ஒரு தொன் அலுமினியத்திற்குப் பத்துத் தொன்னுக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டு வானிற் கலக்கும். அரைக் கிலோ நிறையுள்ள ஒரு சமையற் பாத்திரத்தோடு ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட வாயுவும் பிறந்ததென்று பொருள்.

இந்த மின்னிலையத்தின் புகை ஒரு முறை நீதிமன்றம் ஏறியது. பெரும் எரிநிலையங்கள் கந்தகம் முதலிய மாசுகளை எவ்வளவு வெளியிடலாம் என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 ஆம் ஆண்டுப் பணிப்புரை வரையறுத்திருந்தது. எரிதலின் விளைபொருள்களை உற்பத்திமுறையில் நேரடியாகப் பயன்படுத்தும் நிலையங்களுக்கு அதில் விலக்கு உண்டு. லைன்மத் மின்னிலையம் அலுமினிய உற்பத்திக்கே மின்சாரம் தருவதால் அவ்விலக்கிற்கு உரியதென்று பிரித்தானிய அரசு வாதிட்டது. 2010 ஏப்ரிலில் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. எரிதல் ஓரிடத்தில் நிகழ்கின்றது, மின்சாரம் இடையே நிற்கின்றது, உலோகம் வேறிடத்தில் பிறக்கின்றது; இதனை நேரடிப் பயன்பாடு என்றல் பொருந்தாது என்பதே தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின்படி தீர்ப்புச் சரியானதே. ஆயினும், தப்பித்துக்கொள்வதற்காக முன்வைக்கப்பட்ட அந்த வாதத்தில், வாதிட்டவர்கள் விரும்பியிராத உண்மையொன்று அடங்கியுள்ளது. அப்புகை அலுமினிய உற்பத்தியின் ஓர் அங்கம் என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. பண்டத்தினுள் மனிதர் உழைப்பு உறைந்திருப்பதையும், சந்தையில் விலைச்சீட்டு அவ்வுழைப்பை மறைத்துவிடுவதையும் மார்க்ஸ் விளக்கினார். உழைப்பைப் போலவே புகையும் உலோகத்தினுள் உறைந்திருக்கின்றது. அங்ஙனமாயின் உலோகம் யார் கைக்குச் செல்கின்றதோ, அவரிடம் புகையின் ஒரு பங்கும் செல்கின்றதன்றோ?

2011 நவம்பரில், அல்கானை 2007 இல் வாங்கியிருந்த ரியோ டின்டோ நிறுவனம் உருக்காலையை மூடப்போவதாக அறிவித்தது. புதிய சட்டங்களால் எரிசக்திச் செலவு ஏறுவதே காரணம் என்றது. 2012 மார்ச்சில் கலங்கள் அணைந்தன. ஏறத்தாழ 500 பேர் வேலையிழந்தனர். 2005 இலேயே எலிங்டன் சுரங்கம் மூடப்பட்டு, வடகிழக்கு இங்கிலாந்தின் ஆழ்சுரங்கத் தொழில் முற்றுப்பெற்றிருந்தது. சுரங்கக் கழிவோடு கடலில் கொட்டப்பட்டு அலையால் கரையொதுங்கிய கரியைக் குதிரை வண்டிகளில் அள்ளிப் பிழைத்த மக்கள் அக்கடற்கரையில் இருந்தனர். 1980களில் கிறிஸ் கிலிப் எடுத்த ஒளிப்படங்களில் அவர்களைக் காணலாம். சுரங்கம் போனதும் கழிவும் போயிற்று.

மூடுவதற்கு எதிராக அன்று கூறப்பட்ட நியாயம் யாவரும் அறிந்ததே: நாம் உருக்காவிடின் வேறொரு நாட்டான் இதைவிட மோசமாக உருக்குவான். விவர அளவில் இது பொய்யன்று. உலக அலுமினியத்தில் பாதிக்கு மேல் இன்று சீனாவில் உருக்கப்படுகின்றது. அதிற் பெரும்பகுதி நிலக்கரி மின்சாரத்தால் ஆனது. ஆயினும் நியாயம் என்ற வகையில் இது செல்லாது. 1807 இல் பிரித்தானியா அடிமை வணிகத்தைத் தடைசெய்வதற்கு முன், நாம் விட்டால் பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொள்வர் என்று அவ்வணிகத்தின் ஆதரவாளர் வாதிட்டனர். பிறன் செய்யக்கூடும் என்பதனால் என் செயல் நற்செயலாகிவிடாது.

மறுபுறத்தில், மூடிவிட்டோம், எம் நாட்டின் புகைக் கணக்குக் குறைந்தது என்று மகிழ்வோரின் நியாயமும் ஆராயத்தக்கது. அடிமை வணிகத்தைத் தடைசெய்த பின்னரும், அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட 1861 வரை, லங்காஷயர் ஆலைகள் அடிமைகள் விளைவித்த பருத்தியையே நூற்றுக்கொண்டிருந்தன. கைகள் கழுவப்பட்டன, துணி தொடர்ந்து வந்தது. லைன்மத் அணைந்த பின்னர் பிரித்தானியர் அலுமினியத்தைத் துறந்துவிடவில்லை. நாடுகளின் புகைக் கணக்கு எரிந்த இடத்தை மட்டுமே குறிப்பதால், இறக்குமதியான உலோகம் கணக்கின் கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றுகின்றது. உருக்காலையே இல்லாத நமது நாட்டிற்கும் இது பொருந்தும். நம் அடுப்படிகளிலுள்ள அலுமினியம் அனைத்தும் பிறர் வானத்தில் புகைந்து வந்தவையே.

இனி, உழைத்தவனின் பொறுப்பு யாது? நமது பக்கங்களில் இவ்வினாவைத் தட்டிக்கழிக்கும் வழக்கம் உண்டு. உலையை எங்கே அமைப்பது, எதை எரிப்பது என்பவற்றில் தொழிலாளிக்குக் குரல் இருக்கவில்லை. ஆதலின் முதலாளிக்குரிய பழி அவனுக்கில்லை. இது சரி. ஆனால் தொழிலாளி என்பதனாலேயே அவனுக்கு எப்பொறுப்பும் இல்லை என்போமாயின், அறமறிந்து தீர்மானிக்கும் ஆற்றலை அவனுக்கு மறுத்தவராவோம். அதே லங்காஷயரில், வடபுலக் கடற்படை தென்மாநிலத் துறைமுகங்களை அடைத்ததனால் பருத்தியின்றி ஆலைகள் நின்று பட்டினி சூழ்ந்தது. அவ்வேளை, 1862 டிசெம்பர் 31 இல் மன்செஸ்ரரில் கூடிய தொழிலாளர், அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்கு மடல் எழுதினர். (லங்காஷயர்த் தொழிலாளர் அனைவரும் ஒரே மனத்தினராயிருந்தனர் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. எனினும் அம்மடல் எழுதப்பட்டது உண்மை. சனவரியில் லிங்கன் பதில் எழுதியதும் உண்மை.) ஆனால் அத்தகைய தியாகத்தை அவர்கள் தாமே தெரிந்துகொண்டனர். லைன்மத் தொழிலாளரிடம் எவரும் கேட்கவில்லை. காற்றின் தூய்மை என்னும் பொது நன்மைக்கு விலை கொடுக்கவேண்டியிருந்தபோது, நாற்பது ஆண்டுகள் அந்த உலோகத்தைப் பயன்படுத்திய ஒரு தேசத்தின் கடன் 500 குடும்பங்களின் தலையில் இறங்கிற்று. அக்குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் அளிப்பதைத் தர்மமென்று பேசுதல் தகாது. வாங்கிய கடனைத் திருப்புதல் தர்மத்தின் கணக்கில் வருவதில்லை.

உலோகத்தோடு புகையும் எல்லை கடக்கின்றது என்பதை ஐரோப்பிய ஒன்றியம் ஒருவாறு உணர்ந்துள்ளது. இறக்குமதிப் பண்டங்களின் காபனுக்குக் கட்டணம் விதிக்கும் சட்டத்தை 2023 இல் இயற்றி, அலுமினியத்தையும் அதிற் சேர்த்தது. ஆனால் இயற்றப்பட்ட வடிவில், அலுமினியத்திற்கு உருக்காலையின் நேரடி வெளியீடு மட்டுமே கணக்கிடப்பட்டது. ஆலைக்கு மின்சாரமளிக்கும் நிலையத்தின் புகை, மிகப் பெரிய பங்காயிருந்தும், வெளியே விடப்பட்டது.

லைன்மத் மின்னிலையம் உருக்காலைக்குப் பின்னும் எஞ்சியது. கைமாறி, 2018 முதல் நிலக்கரிக்குப் பதிலாக மரத்துகள் உருண்டைகளை எரிக்கும் நிலையமாயிற்று. அவ்வுருண்டைகளிற் பெரும்பாலானவை வட அமெரிக்கக் காடுகளிலிருந்து கப்பலேறி வந்தன. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட கணக்குமுறையின்படி, எரிக்கப்படும் மரத்தின் காபன் அது வெட்டப்பட்ட நாட்டின் காட்டுக் கணக்கில் பதியப்படும். லைன்மத் புகைபோக்கியிலிருந்து எழுவது பிரித்தானிய மின்வலுவின் ஏட்டில் பூச்சியமென்றே எழுதப்பட்டது.