ஓதம்

கண்மாய்க் கரை கசிவது பெரிய செய்தியல்ல. மண்ணால் போட்ட கரை எதுவானாலும் சிறிது கசியத்தான் செய்யும். கரையின் வெளிச்சரிவில் வருகிற தண்ணீர் தெளிந்து வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதே கேள்வி. தெளிந்து வந்தால் மண் தன் இடத்தில் இருக்கிறது. கலங்கி வந்தால், கரை தன் வயிற்றிலிருந்தே மண்ணை இழந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணையில் 1976-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி காலையில் கலங்கல் கசிவைக் கண்டார்கள். உச்சிப்பொழுதுக்குள் அணை உடைந்துவிட்டது.

மலையடிவாரத்துக் கூமாப்பட்டிக்காரர்களுக்கு இதைப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீரும் கண்மாய் நீரும் பாய்ந்துதான் அங்கே நெல்லும் தென்னையும் நிற்கின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் கரையோரம் போகிற ஒருவன் நண்டு வளையிலிருந்து கலங்கல் வருவதைக் கண்டால், அடுத்த கணம் ஊருக்குக் குரல் கொடுப்பான். ‘இதைச் சொன்னால் நம் வயலின் விலை இறங்கிவிடுமே’ என்று எந்தக் குடியானவனும் அந்த நேரத்தில் கணக்குப் போடுவதில்லை. கரை போனால் அவன் வயலும் போகும்.

அதே மனிதன் தன் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினால் என்ன செய்கிறான்? வெள்ளையடிக்கிறான். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு தடவை. வீட்டை விலைக்குக் கேட்டு வருகிறவர்களுக்காக இன்னொரு தடவை. கரையில் அவ்வளவு உரக்கக் கத்திய வாய், சுவரருகே வந்ததும் ஏன் மூடிக்கொள்கிறது?

என் நண்பர் ஒருவரின் சங்கடத்தால்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. இராஜபாளையத்துக்காரர். 2025-ஆம் ஆண்டில் இன்ஸ்டாகிராம் காணொளி ஒன்றால் கூமாப்பட்டியின் பெயர் தமிழ்நாடு முழுவதும் பரவி, கூட்டம் வரத் தொடங்கியதல்லவா? அதை நம்பி, இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பழைய கேரவன் வண்டியை வாங்கினார். படப்பிடிப்புகளில் நடிகர்கள் இளைப்பாறுவார்களே, அந்த மாதிரி வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட எண்ணம். முதல் அடைமழையிலேயே கட்டிலுக்கு அடியில் தரை மெத்தென்று அமுங்கியது.

இந்த வண்டிகளின் நோய் விசித்திரமானது. கூரைத் தகடுகள் சேரும் இடத்திலும், காற்றுப்போக்கி பொருத்திய இடத்திலும், ஜன்னல் விளிம்பிலும் பசை பூசியிருப்பார்கள். வெயிலில் காய்ந்தும் ஓட்டத்தில் அதிர்ந்தும் அந்தப் பசை மயிரிழை அளவு வெடிக்கும். அந்த வெடிப்பில் நுழைகிற நீர் நேராகக் கீழே சொட்டுவதில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, வேறெங்கோ போய்க் கறையாகத் தலைகாட்டும். கறை தெரிகிற இடத்தைத் தோண்டுகிறவன் ஓட்டையைக் காண மாட்டான். வெளியே தகடு, உள்ளே அழகுப் பலகை, நடுவே பஞ்சு போன்ற திணிப்பு. அதில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லை. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நாள்பட நின்றால் மரத்தில் பூஞ்சை குடியேறும். பிளைவுட் ஏடு ஏடாகப் பிரியும். கேடு, உட்புறமாக இன்னொரு கை பசை பூசி அடைப்பதுதான். அதனால் நீர் நிற்காது; உள்ளேயே சிறைப்படும்.

பட்டறைக்காரர் ஒருவர் எளிய வழி சொன்னார்: “புதுப் பலகைய மேல ஒட்டி பெயிண்ட் அடிச்சு வித்துருங்க அண்ணாச்சி. ரெண்டு மழை தாங்கும்.”

நண்பருக்கு மனம் ஒப்பவில்லை. என்னிடம் வந்து, “பெயிண்ட் வேண்டாம். பொய்யும் சொல்லப்போவதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டால் சும்மா இருக்கலாமா, கூடாதா?” என்றார்.

பழைய கேள்விதான். கிறிஸ்து பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன் ரோமானியரான சிசரோ, கடமைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் ஒரு வீட்டை விற்கச் சொல்லிப் பார்க்கிறார். வீட்டு மரம் உளுத்திருக்கிறது. அறைக்கு அறை பாம்பு. சொந்தக்காரனுக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்கலாமா? வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார் டயோஜினஸ் என்ற ஞானி. வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதைவிட இது கொடியது என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் நின்றார்.

நம் நாட்டுச் சட்டம் இரண்டு பக்கமும் நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில், 17-ஆம் பிரிவில், ஒரு குதிரை வருகிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறவன் வாய் திறக்காமல் இருந்தால் அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். மூடி மறைக்க ஏதாவது செய்தால்தான் மோசடி. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமோ, வீடு நிலம் விற்கிறவன், வாங்குகிறவன் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் காண முடியாத முக்கியக் குறையைத் தானே சொல்லியாக வேண்டும் என்கிறது. மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான். சுவருக்குள் எவன் எட்டிப் பார்ப்பான்?

அப்படியானால் கேரவன் குதிரையா, வீடா? குதிரையைப் போல ஓடுகிறது. வீட்டைப் போல அதற்குள் படுத்து உறங்குகிறார்கள். சட்டப்படி அது அசையும் பொருள், குதிரையின் ஜாதி. ஆனால் அதன் நோய் வீட்டின் நோய். மூடிய அறையின் பூஞ்சைக் காற்றை இரவெல்லாம் சுவாசிக்கப் போவது யாரோ ஒருவரின் குழந்தை; இளைப்பு உள்ள குழந்தையாக இருந்துவிட்டால் அந்தக் காற்று லேசானதல்ல.

அந்தக் குதிரையைப் பற்றிச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. வாங்குகிறவள் விற்கிறவனின் மகளாக, அப்போதுதான் வயது வந்தவளாக இருந்தால், அவன் உண்மையைச் சொல்லியே தீர வேண்டும். எனக்கு இந்த இடத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மகளுக்குச் சொல்ல வேண்டிய உண்மை ஊரான் மகளுக்கு ஏன் வேண்டாம்? கண்மாய்க் கரையில் எல்லோரும் சேர்ந்து மூழ்குவோம் என்பதால் உண்மை பேசினோம். அதை ஒழுக்கம் என்று நாமே மெச்சிக்கொண்டோம். வண்டியோ விற்றவனை விட்டு ஓடிப் போகிற வீடு. எங்கோ ஓர் ஊரில், எவன் தலையிலோ அது ஒழுகும். விற்றவன் காலில் ஒரு துளி படாது. நம்மை நனைக்காத ஒழுக்கையும் சொல்லத் துணிகிறோமா என்பதில்தான் சோதனை இருக்கிறதாக எனக்குப் படுகிறது. இதைத்தான் நண்பரிடம் சொன்னேன்.

அவர் பதில் பேசவில்லை. மறுவாரம் கட்டிலுக்குப் பக்கத்துப் பலகையைக் கழற்றி, உளுத்த சட்டம் வெளியே தெரியும்படி வண்டியை நிறுத்திவிட்டார். முதலில் வந்த இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “தரையோட பிரிச்சுக் கட்டணும்” என்று, கேட்டதில் பாதிக்கும் கீழே விலை சொன்னார். அதற்கே முடிந்தது.

கூட்டாளிகளில் ஒருவர் இன்றுவரை நண்பரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் போட்ட பணம் மனைவியின் நகையை அடகு வைத்த பணம். பலகையைக் கழற்றுமுன் தம்மை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்கிறார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.