ஒன்றரை நாள் விவசாயி

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் தாண்டினால் மணிமங்கலம். பல்லவன் நரசிம்மவர்மனிடம் இரண்டாம் புலிகேசி தோற்ற ஊர். போன வாரம் நானும் அங்கேதான் தோற்றேன்.

நண்பர் குடும்பத்துக்கு அங்கே ஒரு ஏக்கர் சொச்சம் நெல் வயல். 'களையெடுக்க ஆளே கிடைக்கலை' என்று புலம்பினார். 'சனி, ஞாயிறு சும்மாதானே இருக்கேன்? நான் வர்றேன். கூலியெல்லாம் வேண்டாம்' என்று பெருந்தன்மையாகச் சொல்லி, பேன்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.

அரை மணி நேரத்தில் வரப்பிலிருந்து நண்பரின் அம்மா குரல் கொடுத்தார். 'தம்பி, நீங்க புடுங்கினது நெல்லு. புல்லு அப்படியே நிக்குது பாருங்க!'

குதிரைவாலி இனத்துப் புல், இளசாக இருக்கும்போது அச்சு அசல் நெல் மாதிரியே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிசாக ஒரு சவ்வு உண்டு, புல்லுக்குக் கிடையாது. அந்த அம்மா அதையெல்லாம் குனிந்து பார்ப்பதில்லை. கைக்கே தெரிகிறது. நான் முடித்த இடத்தையெல்லாம் அவர் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டு வந்தார். மதியம் எனக்காக மீன் குழம்பு வேறு!

ஞாயிறு மத்தியானம் முதுகு வலியோடு பஸ் ஏறியபோது, 'உழைத்தோம்' என்று ஒரு பெருமிதம். முடிச்சூர் வருவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. உழைத்தது சரி, உதவினேனா?

சாப்பிடுகிறவன் தன் உடம்பால் உழைக்க வேண்டும் என்றார் டால்ஸ்டாய். காந்தி அதை நடத்திப் பார்த்தார். 1910-ல், ஜோகன்னஸ்பர்க் அருகே, நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் உருவானது டால்ஸ்டாய் பண்ணை. வேலைக்காரர்கள் கிடையாது. சமையல் முதல் துப்புரவு வரை எல்லாம் அவரவர் கையால்தான். சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அதில் தமிழர்களும் உண்டு. அவர்களுக்கு அது வார இறுதிப் பொழுதுபோக்கு இல்லை. திங்கட்கிழமையும் அதே மண்தான்.

எனக்கோ திங்கட்கிழமை ஆபீஸ். நான் பிடுங்கிப் போட்ட பயிரின் நஷ்டம் என் தட்டில் குறையப் போவதில்லை. கிளம்பும்போது அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது அப்போதுதான் உறைத்தது.

'கூலி வேணாம்னுட்டீங்க. கூலி வாங்கியிருந்தா நாலு வார்த்தை திட்டியிருப்பேன்!'

இலவசமாகச் செய்கிறவனை யாரும் கேள்வி கேட்க முடியாது. தர்மம் என்று நான் நினைத்தது, பொறுப்பிலிருந்து தப்பிக்க ஒரு சௌகரியம்.

இந்தச் சனிக்கிழமை மறுபடி போகிறேன். அரைக் கூலி கேட்பதாக உத்தேசம். திட்டட்டும்.