வாக்கு கொடுத்தது ஒரு துறை, கேட்டது இன்னொரு துறை

கொலை வழக்குக்கு உதவக்கூடிய தகவல் சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. போலீஸ் கேட்கிறது. கொடுக்கலாமா? கொடுத்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றும்.

சிங்கப்பூரில் 2020 மார்ச்சில் டிரேஸ்டுகெதர் செயலி வந்தது. யார் அருகில் யார் இருந்தார்கள் என்பதை புளூடூத் வழியாகக் குறித்துக்கொண்டது. 25 நாளில் பதிவு அழிக்கப்பட்டது. ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களுக்குச் சமூக மன்றங்களில் டோக்கன் கொடுத்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கருவி. கொரோனா தொற்றின் தடம் அறிய மட்டுமே இது என்பது அரசு கொடுத்த வாக்கு. அதை நம்பித்தான் பலர் பையில் போட்டுக்கொண்டார்கள்.

2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் உண்மை வெளிவந்தது: குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸும் அந்தப் பதிவுகளைப் பெறலாம். வாக்குக் கொடுத்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், அப்போது அந்தச் சட்டம் தம் நினைவில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். நேர்மையான பதில்தான். ஆனால் இரண்டு துறைகள் கைகோக்கும்போது எல்லை எது என்று முதலிலேயே பேசாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கொலையுண்டவரின் வீட்டார் பக்கம் நின்று பார்த்தால் தகவலைக் கொடுக்கக் கூடாது என்ற வாதம் கசக்கும். ஒரு வாக்கைக் காப்பாற்ற ஒரு குற்றவாளியைத் தப்பவிடுவதா? இந்தக் கேள்வியை லேசில் ஒதுக்க முடியாது. ஆனாலும், தகவல் தந்தவர்கள் போலீஸிடம் தரவில்லை. நோய்க்குப் பயந்து, அக்கம்பக்கத்தாரின் உயிரையும் நினைத்துத் தந்தார்கள். ஒரு காரியத்துக்கென்று வாங்கியதை வேறொன்றுக்குக் கொடுப்பது, நோக்கம் எவ்வளவு நல்லதானாலும், இரவலாக வாங்கிய பொருளை அடகு வைப்பது போலத்தான். சட்டம் அனுமதிக்கிறது என்பதால் அது நியாயமாகிவிடாது. அடுத்த கொள்ளைநோய் வரும்போது சுகாதாரப் பணியாளர் அதே மக்களின் வாசலில் நிற்க வேண்டும்; போலீஸின் தேவைக்காக அவர் விலை கொடுப்பார்.

பிப்ரவரியில் சட்டத் திருத்தம் நிறைவேறியது: ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே போலீஸ் அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தலாம். எல்லை வகுத்தது நல்லது. டோக்கன் கொடுத்த அன்றே வகுத்திருக்க வேண்டும்.

அதுவரை போலீஸ் அந்தப் பதிவைத் தேடியது ஒரே ஒரு கொலை வழக்கில். சந்தேக நபரின் போனில் அந்தச் செயலியே இல்லை.