இடம் மாறிய இதயம்

"படத்தைத் திருப்பி மாட்டிவிட்டீர்களா?"

எக்ஸ்ரே படத்தைக் கண்ட மருத்துவர் முதலில் இப்படித்தான் ஐயுறுவார். ஓரத்துக் குறியைப் பார்ப்பார். குறி சரியாகவே இருக்கும். மாறியிருப்பது படமல்ல, உடலின் அமைப்பு! இதயம் வலப்புறம், கல்லீரல் இடப்புறம். இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவரின் உள்ளுறுப்புகள் அனைத்தும் கண்ணாடியில் தெரியும் உருவம்போல் இடம் மாறிக் கிடக்கும். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இவ்வாறு பிறக்கிறார்.

தோழர்களே! இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகளுக்கு இது தெரியவருவதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன நடக்கும்? "வெளியே சொல்லாதீர்கள், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்பாள் தாய். "போன பிறவியின் வினை" என்பாள் பாட்டி. திருவில்லிபுத்தூர்க் கோயிலுக்கு ஒரு வேண்டுதல். படம் பெட்டிக்குள் போகும். சில வீடுகளில் அந்தப் பெண்ணுக்கே செய்தி எட்டாது.

வினையாம்! கருவில், முதற்சில வாரங்களில், நுண்மயிர்கள் சுழன்று நீரோட்டம் ஒன்றை இடப்பக்கம் செலுத்துகின்றன. அந்த ஓட்டமே வலமெது, இடமெது என்று உறுப்புகளுக்கு உணர்த்துகிறது. 1998-இல் சப்பானிய அறிஞர்கள் எலியின் கருவில் இதைக் கண்டு காட்டினர். ஓட்டம் நின்றால், எந்தப் பக்கம் என்பது தற்செயலாகிவிடுகிறது. இதிலே முற்பிறவி எங்கே நுழைந்தது?

உயிருக்குக் கேடா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மூதாட்டி ஒருவர் ஐந்து பிள்ளைகளைப் பெற்று, 99 வயதுவரை வாழ்ந்து, 2017-இல் மறைந்தார். அவர் கொடையாக அளித்த உடலை 2018-இல் ஆராய்ந்த மாணவர்களே, இதயம் நீங்கலாக மற்ற உறுப்புகள் மாறியிருப்பதைக் கண்டனர். இப்படி அமைந்தவர்களில் சிலருக்கு அந்த நுண்மயிர்க் குறையால் ஓயாத சளித்தொல்லை உண்டு. அதற்கு மருத்துவம் வேண்டும். பலருக்கு அதுவுமில்லை.

கேடு மறைப்பதில் இருக்கிறது. குடல்வால் வீங்கினால் அவளுக்கு இடப்பக்கம் வலிக்கலாம். உண்மையறியாத மருத்துவர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார், நாழிகை கழியும்.

'இடம்' என்றாலே இழிவு என்று யார் சொன்னது? வலங்கை, இடங்கை என்று சாதிகளைப் பிரித்து, 1707-இல் சென்னைத் தெருக்களில் மோதிக்கொண்டவர்கள் நம்மவர்கள். ஏன், நானே இடக்கையால் எழுதிய சிறுவனை ஒருநாள் வகுப்பில் அதட்டியிருக்கிறேன். அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

மணமகன் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்கள். முதலில் அவளிடம் சொன்னீர்களா? உடல் அவளுடையது. மருத்துவரிடம் அவள் கட்டாயம் சொல்லவேண்டும்; மற்றவரிடம் சொல்வதும் சொல்லாததும் அவள் முடிவு. தாயோ தரகரோ அதை முடிவு செய்யலாகாது.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் புண்ணுக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். புண்ணே இல்லாத இடத்தில் எதற்கம்மா கட்டு? பெட்டியைத் திறந்து படத்தை எடுங்கள். அவள் கையில் கொடுங்கள்.