மோப்பம் கைமாறிய கதை

வேட்டைக்குக் கிடைக்கும் நேரம் ஐம்பது நிமிடம். முகாமில் நீல நிறப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு வரைபடமும் கொஞ்சம் மருந்தும் கிடைக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு இறங்கினால் புல்வெளி தெரியும், ஓடை தெரியும், குகை வாய் தெரியும். கொல்ல வேண்டிய மிருகம் மட்டும் தெரியாது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அதிலும் உங்களைக் குறிக்கும் புள்ளிதான் இருக்கும், மிருகத்தின் புள்ளி இருக்காது.

2004இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளியிட்ட ‘மான்ஸ்டர் ஹன்டர்’ இப்படித்தான் தொடங்கியது. அதே தொடரில் 2025 பிப்ரவரியில் வந்த ‘வைல்ட்ஸ்’ ஆட்டத்தில், இரை எதுவென்று குறித்துவிட்டுச் சவாரி மிருகத்தின் மேல் உட்கார்ந்தால் போதும். அது தானே வழி கண்டுபிடித்து ஓடி, இரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இடையில் 21 ஆண்டுகள். ‘தேடுவது எளிதாகிவிட்டது’ என்று ஒரே வரியில் இதை முடித்துவிடலாம். ஆனால் படிப்படியாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இரையைக் கண்டுபிடிக்கத் தேவையான அறிவு ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. ஆடுபவரின் தலைக்குள் இருந்தது பூச்சிகளிடம் போனது, பிறகு ஓர் ஆந்தையிடம், பிறகு ஒரு சவாரி மிருகத்திடம். மோப்பம் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

சாயமும் வாசனையும்

முதல் கேள்வி: மிருகம் ஏன் காணாமல் போயிற்று? பாதி விடை கருவியின் நினைவகத்தில் இருக்கிறது. அன்றைய கருவியால் ஒரு காடு முழுவதையும் ஒரே நேரத்தில் தாங்க முடியவில்லை. ஆகவே காட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஒன்றாம் பகுதியிலிருந்து இரண்டாம் பகுதிக்குப் போக வேண்டுமானால் திரை ஒரு கணம் இருண்டு, அடுத்த துண்டு ஏறி வரும் வரை காத்திருக்க வேண்டும். அடிபட்ட மிருகம் சிறகடித்து எழுந்து பக்கத்துப் பகுதிக்குப் பறந்துவிட்டால், அது உங்கள் உலகத்தை விட்டே போய்விட்டது. பின்தொடர்ந்து ஓட இடையில் நிலமே இல்லை.

இந்தக் குறைக்கு ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் கண்ட மருந்துதான் பெயின்ட்பால். பிசுபிசுப்பான ஒரு செடியையும் சாயம் கக்கும் ஒரு பழத்தையும் சேர்த்து உருட்டும் உருண்டை அது. மிருகத்தின் மேல் எறிந்தால் உடைந்து, கடும் வாசனை பரவும். அந்த வாசனை அடிக்கும் வரை வரைபடத்தில் மிருகம் ஒரு புள்ளியாகத் தெரியும், எந்தப் பகுதிக்குத் தாவினாலும் புள்ளியும் கூடவே தாவும். கொஞ்ச நேரத்தில் வாசனை கரைந்து புள்ளியும் மறையும். அதற்குள் மறுபடி எறிய வேண்டும். சண்டை மும்முரத்தில் அதை மறந்தவர்கள், பாதி உயிரோடு தப்பிய டிராகனைத் தேடிப் பத்து நிமிடம் காடு காடாக அலைந்தார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயின்ட்பால் மிருகத்தைக் கண்டுபிடித்துத் தராது. முதல் முறை கண்டுபிடிப்பது உங்கள் பாடு, கண்டுபிடித்ததைக் கைநழுவ விடாமல் இருக்கத்தான் அது. முதல் சந்திப்புக்கு உதவ வேறு சில வழிகள் இருந்தன. குடித்தால் சிறிது நேரம் மிருகங்களின் இருப்பிடத்தைக் காட்டும் ஒரு மருந்து உண்டு. சில ஆட்டங்களில் வானத்தில் ஒரு பலூன் மிதக்கும், அதைப் பார்த்துக் கையசைத்தால் மேலே இருக்கும் காவலர் கண்டதைச் சொல்வார். உயர்நிலை வேட்டைகளில் இந்தச் சலுகைகளும் சுருங்கின. முகாமுக்கு வெளியே ஏதோ ஒரு பகுதியில் உங்களை இறக்கிவிடுவார்கள். நீலப் பெட்டிக்குச் சாமான் தாமதமாகத்தான் வரும், வரைபடமும் அதோடுதான்.

தலைக்குள் இருந்த வரைபடம்

பிறகு எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? பழக்கத்தால். ராத்தலோஸ் என்ற சிவப்பு டிராகன், முதல் ஆட்டத்தின் காடும் குன்றுமான நிலத்தில் ஐந்தாம் பகுதியில் கூடு கட்டியிருக்கும். காயம் முற்றினால் காலை இழுத்து இழுத்து நடக்கும், பிறகு அந்தக் கூட்டுக்குத்தான் தூங்கப் போகும். டியாப்லோஸ் மணலுக்கடியில் பதுங்கும், மணல் குமுறும் திசையை வைத்து அது வரும் வழியைச் சொல்லலாம். கெசு என்ற கண்ணில்லாத வெள்ளைப் பிராணி குகைக் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற மிருகங்கள் உங்களைப் பார்த்துவிட்டால் சண்டை இசை முழங்கும். பழைய ஆட்டங்களில் கெசுவுக்கு அந்த இசையே கிடையாது, குகையின் மௌனம்தான் அதன் அறிவிப்பு. தண்ணீருக்குள் இருக்கும் பிளெசியோத்தைத் தவளையைத் தூண்டிலில் மாட்டிக் கரைக்கு இழுக்கலாம்.

இவற்றில் பெரும்பாலானவற்றைத் திரை எழுதிக் காட்டவில்லை. தோற்றுத் தோற்றுக் கற்றார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரிடம் கேட்டுக் கற்றார்கள். ஜப்பானில் இந்தத் தொடர் பெரும் அலையாக மாறியது பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவியில்தான். நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்கள். ஆளுக்கொரு திசையில் பிரிந்து போவார்கள். முதலில் பார்த்தவர் சாய உருண்டையை எறிந்துவிட்டு “மூன்றில் இருக்கு” என்பார், மற்ற மூவரும் அங்கே ஓடுவார்கள். நினைவகப் பற்றாக்குறையால் பிறந்த பகுதி எண்கள் வேட்டைக்காரர்களின் பேச்சுமொழியாகவே ஆகிவிட்டன.

நிஜ வேட்டையின் பக்கம் கொஞ்சம் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த லூயி லீபன்பெர்க், கலஹாரிப் பாலையின் சான் மக்கள் விலங்குகளைத் தொடரும் விதத்தை ஆராய்ந்து 1990இல் ஒரு நூல் எழுதினார். தடம் தேர்வதில் அவர் மூன்று படிகளைக் காண்கிறார். தெளிவாகத் தெரியும் சுவட்டை அப்படியே தொடர்ந்து போவது முதல் படி. சிதறிக் கிடக்கும் அடையாளங்களைச் சேர்த்து, விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று கணிப்பது இரண்டாவது. மூன்றாவது ஊகம்: இந்த வெயிலுக்கு, இந்தக் காயத்துக்கு, இந்த விலங்கு எங்கே போயிருக்கும் என்று எண்ணி நேராக அங்கே போய்ச் சுவட்டைத் தேடுவது. அறிவியல் சிந்தனையின் வேர் இந்த மூன்றாம் படியில் இருக்கிறது என்பது அவர் வாதம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வேடிக்கையான ஒன்று தெரிகிறது. பழைய மான்ஸ்டர் ஹன்டரில் தரையில் தொடரத்தக்க சுவடே கிடையாது. முதல் படியும் இரண்டாம் படியும் இல்லாமல் நேராக மூன்றாம் படியில் ஏறச் சொன்ன ஆட்டம் அது. ‘நொண்டுகிறது, ஆகவே ஐந்துக்குப் போகும்’ என்பது ஓர் ஊகம். ஓடிப்போய்ப் பார்ப்பது அதன் சோதனை.

ஊகத்துக்குத் தீனி போடும் வேலையையும் தொடர் மெல்லச் செய்தது. 2006இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் பருவங்களும் இரவு பகலும் வந்தன. 2009இல் வீ கருவிக்கு வந்த மூன்றாம் ஆட்டம் மிருகத்துக்குக் களைப்பையும் பசியையும் கொடுத்தது. களைத்த மிருகம் எச்சில் ஒழுக நிற்கும், நெருப்பு உமிழ முயன்றால் வெறும் புகைதான் வரும், பிறகு தின்பதற்கு நகரும். ‘எங்கே போகிறது’ என்ற கேள்வியோடு ‘எதற்குப் போகிறது’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

பச்சை ஒளிப் பூச்சிகள்

2018 ஜனவரியில் ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்’ வந்தபோது துண்டுகளுக்கு இடையே இருந்த சுவர்கள் இடிந்தன. பகுதி எண்கள் மட்டும் பழைய நினைவாக மிஞ்சின. வேரிலிருந்து உச்சிக் கிளை வரை அடுக்கடுக்காக எழும் காடு இடையில் எங்கும் இருளாமல் ஒரே பரப்பாக விரிந்தது. ஓடும் மிருகத்தின் பின்னாலேயே ஓட முடிந்தது. சாய உருண்டைக்கு வேலை இல்லாமல் போக, தொடரை விட்டு அது விலக்கப்பட்டது.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. சிறு துண்டுக்குள் நுழைந்தால் மிருகம் இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கொடிகளும் குகைகளும் பின்னிய பெருங்காட்டில் பத்தடி தள்ளி இருப்பதும் தெரியாது. இதற்குத்தான் இடுப்புக் கூண்டிலிருந்து பறந்து வரும் மின்மினி போன்ற பூச்சிகள். ஜப்பானிய மொழியில் ‘ஷிருபெமுஷி’, வழிகாட்டும் பூச்சி.

இப்போது தரையில் சுவடு வந்தது. சேற்றில் பதிந்த கால்தடம், மரத்தில் கீறிய நகக்குறி, பாறையில் வழியும் சளி, உதிர்ந்த செதில். பூச்சிகள் அதன்மேல் மொய்த்துப் பச்சையாக ஒளிரும். குனிந்து ஆராய்ந்தால் ஓர் அளவுமானி ஏறும். போதுமான அளவு ஏறியதும், பூச்சிகள் கோடுபோல் பறந்து மிருகம் இருக்கும் இடத்துக்கே அழைத்துப் போகும். மூத்த டிராகன்களின் தடமென்றால் ஒளி நீலமாகும். ஆபத்து நெருங்கினால் சிவந்து, பூச்சிகள் கூண்டுக்குள் ஓடி ஒளியும்.

சுவடுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே இனத்தின் தடங்களைத் திரும்பத் திரும்பச் சேகரித்தால் அதன் ஆராய்ச்சி நிலை உயரும். எங்கே அடித்தால் வலிக்கும் என்பது குறிப்பேட்டில் திறக்கும். நிலை நன்றாக உயர்ந்த பிறகு அந்த மிருகத்தைத் தேடவே வேண்டாம், வேட்டை தொடங்கும்போதே வரைபடத்தில் நிற்கும். அனுபவசாலிக்குத் தேடல் குறைவு என்ற உண்மையைத்தான் இந்த ஏற்பாடு நடித்துக் காட்டுகிறது. ஒரே ஒரு மாற்றம், முன்பு அந்த அனுபவம் ஆடுபவரின் தலையில் சேர்ந்தது, இப்போது ஆட்டத்தின் கணக்கேட்டில் சேர்கிறது. நண்பரின் கருவியில் புதிதாகத் தொடங்கினால், நூறு முறை வேட்டையாடியவரும் முதல் சுவட்டிலிருந்துதான் பொறுக்க வேண்டும்.

லீபன்பெர்க்கின் இரண்டாம் படியை, அடையாளங்களைச் சேர்த்துக் கணிக்கும் படியை, வேர்ல்ட் காட்ட முயன்றது தெளிவு. ஆனால் நடைமுறையில் ஆடுபவர் கண் கால்தடத்தில் நிற்கவில்லை, பச்சை ஒளியில் நின்றது. அந்தத் தடம் எத்தனை விரல்களுடையது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கத் தேவையே எழவில்லை. பொத்தானை அழுத்தினால் மானி ஏறுகிறது. கணிப்பைப் பூச்சி செய்தது, குனிவதை மனிதர் செய்தார்.

ஆந்தையின் பார்வை

மூன்று ஆண்டு கழித்து, 2021 மார்ச்சில், நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு வந்த ‘ரைஸ்’ அந்தக் குனிவதையும் நீக்கியது. வேட்டைக்காரருக்கு வளர்ப்பு ஆந்தை ஒன்று உண்டு. அது மேலிருந்து பார்ப்பதெல்லாம் வரைபடத்தில் வந்துவிடும். இதுவரை சந்திக்காத மிருகம் கேள்விக்குறியாகத் தெரியும், ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் சொந்த முகத்தோடு தெரியும். போய்ச் சேர ஏறிச் செல்லும் நாய் இருக்கிறது, பாறை தாண்டப் பட்டு நூல் கக்கும் பூச்சி இருக்கிறது.

தேடல் போன இடத்தை ரைஸ் வெறுமையாக விடவில்லை. வழியெங்கும் வண்ண வண்ணச் சிறு பறவைகள் பறக்கும். அவற்றைத் தொட்டபடி போனால் உடல்பலமும் தாக்கும் வலிமையும் கூடும். எங்கே இருக்கிறது என்பது கேள்வியாக இல்லாதபோது, எந்த வழியாகப் போவது என்பது கேள்வியானது.

‘வைல்ட்ஸ்’ இதற்கு அடுத்த அடி. சவாரி மிருகமான செக்ரெட் தானே ஓடும்போது ஆயுதத்தைத் தீட்டலாம், மருந்து குடிக்கலாம். ஆனால் வைல்ட்ஸின் நிலங்கள் மூன்று நிலைகளில் மாறிக்கொண்டே இருப்பவை: வறட்சி, சீற்றம், வளம். சமவெளியில் மணல்புயலும் இடியும் எழும்போதுதான் மின்னலை ஆளும் ரே டாவ் வெளிப்படும். எந்த மிருகம் எந்த நிலத்தில் நிற்கிறது, வானிலை எப்படித் திரும்பப்போகிறது என்பதை முன்னறிவிப்புபோல் ஆட்டமே பட்டியலிடுகிறது. ‘எங்கே’ என்ற பழைய கேள்வியின் இடத்தில் இப்போது ‘எப்போது’. மந்தையாகத் திரியும் மிருகங்களிடம் இன்னொரு கேள்வி: ‘எதை’? மந்தையின் தலைவனை மட்டும் பிரித்தெடுப்பதில்தான் சாமர்த்தியம்.

முப்பதாவது வேட்டை

பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இதை இழப்பென்று வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஊகித்து, ஓடி, ஊகம் பலித்துக் கூட்டுக்குள் தூங்கும் டிராகனைக் காணும்போது வரும் பெருமிதத்தை எந்த வழிகாட்டும் ஒளியும் தராது.

ஆனால் இந்தத் தொடரின் அடிப்படையையும் நினைவில் கொள்ள வேண்டும். இங்கே ஒரு மிருகத்தை ஒருமுறை கொன்றால் போதாது. அதன் தோலும் எலும்பும்தான் அடுத்த கவசம், அடுத்த வாள். அரிதாகவே விழும் ஒரு மாணிக்கத்துக்காக அதே ராத்தலோஸை முப்பது முறை தேடிப் போகிறவர்கள் உண்டு. முதல் வேட்டையில் தேடல் ஒரு கண்டுபிடிப்பு. ஐந்தாவதில் திறமை. முப்பதாவதில் அது வெறும் நடை. மான் வேட்டைக்குப் போகும் சான் வேட்டைக்காரருக்கு ஒவ்வொரு மானும் புதிது, ஒவ்வொரு நாளின் காற்றும் புதிது. ஆட்டத்து டிராகனோ அதே ஐந்தாம் பகுதிக்குத்தான் எப்போதும் வரும். மாறாத இரையிடம் ஊகத்துக்கு ஆயுள் குறைவு. தேடலைச் சுருக்கிச் சுருக்கி, மாறிக்கொண்டே இருக்கும் சண்டைக்கு நேரத்தை ஒதுக்கிய வடிவமைப்பாளர்கள் இதை உணர்ந்தே செய்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. வைல்ட்ஸில் நிலத்தையே மாறவிட்டதும் இதே காரணத்தால் இருக்கலாம்.

ஒரு சுவடு மட்டும் 2004இலிருந்து கைமாறாமல் நிற்கிறது. சாகும் தறுவாயில் மிருகம் இன்றும் நொண்டுகிறது. புதிய ஆட்டங்களில் வரைபடத்தின் ஓரத்தில் அதே சமயம் ஒரு மண்டையோட்டுக் குறியும் தோன்றும். பெரும்பாலோர் அந்தக் குறியைப் பார்த்துவிட்டுத்தான் வலைப்பொறியை எடுக்கிறார்கள். பழகிய ஒருவரைப் பக்கத்திலிருந்து கவனித்தால் வித்தியாசம் தெரியும். குறி தோன்றுமுன்பே அவர் வாளை உறையில் போட்டுவிட்டு ஓடத் தொடங்கியிருப்பார். அவர் கண் திரையின் ஓரத்தில் இல்லை, மிருகத்தின் பின்னங்காலில் இருக்கிறது.